மௌனத்துக்குத் தீரும் பேட்டரி

காதில் செருகும் இயர்போனில் பாட்டுக் கேட்க எவ்வளவு மின்திறன் வேண்டும்? 16 ஓம் மின்தடை கொண்ட, ஒரு மில்லிவாட் கொடுத்தால் 110 டெசிபல் ஒலிக்கிற இயர்போன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 80 டெசிபல் என்பது தாராளமான சத்தம். அதற்கு இந்த இயர்போன் கேட்பது ஒரே ஒரு மைக்ரோவாட், அதாவது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதை ஓட்டும் கையடக்க ஆம்ப்ளிஃபையரோ 9 வோல்ட் பேட்டரியிலிருந்து சாதாரணமாக 8 மில்லிஆம்பியர் இழுக்கிறது. கணக்குப் போட்டால் 72 மில்லிவாட். இரண்டு காதுகளுக்குமாகப் போய்ச் சேருவது அதில் முப்பத்தாறாயிரத்தில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் பாட்டே ஓடாத நேரத்திலும் சிப்புக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம். பார்த்தால் அப்பட்டமான விரயம். ஆனால் ஒலி திரியாமல் இருப்பதும், பின்னணியில் 'உஸ்' என்ற இரைச்சல் எழாமல் இருப்பதும் அந்த மின்னோட்டத்தால்தான். கையடக்க ஆம்ப்ளிஃபையரில் பேட்டரி தீர்வது சத்தத்துக்காக அல்ல, பெரும்பாலும் அமைதிக்காக. ஆகவே எத்தனை மில்லிஆம்பியர் செலவழிக்கிறோம் என்பதைவிட, அந்த அமைதியை மின்சுற்றின் எந்த இடத்தில் தேடுகிறோம் என்பதே இங்கே பெரிய கேள்வி.

இரைச்சலின் வேர் வெப்பத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான்சன் இதை அளந்து காட்டினார்; அதற்கு நைக்விஸ்ட் சமன்பாடு எழுதினார். இருவர் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. மின்தடை எதுவானாலும், அதனுள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைவதால் அதன் முனைகளில் ஒரு சிறு மின்னழுத்தம் ஆடிக்கொண்டே இருக்கும். காதுக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸ் பட்டையில், 10 கிலோ ஓம் மின்தடை அறை வெப்பநிலையில் சுமார் 1.8 மைக்ரோவோல்ட் இரைச்சலை எழுப்பும். டிரான்சிஸ்டருக்கும் இதே போன்ற சாபம் உண்டு, ஆனால் அதன் வழியே கூடுதல் மின்னோட்டம் விட்டால் அதன் சொந்த இரைச்சல் தணியும். வெகுகாலமாக விற்பனையில் இருக்கும் மூன்று ஆப்-ஆம்ப் எனும் பெருக்கிச் சிப்புகளின் தரவுத்தாள்களே இதற்குச் சாட்சி. டிஎல்062 ஒரு சேனலுக்கு 0.2 மில்லிஆம்பியரில் பிழைத்துக்கொள்கிறது. அதன் இரைச்சல் இதே பட்டையில் ஏறக்குறைய 6 மைக்ரோவோல்ட். டிஎல்072 கேட்பது 1.4 மில்லிஆம்பியர், இரைச்சல் 2.5 மைக்ரோவோல்ட். ஓபிஏ2134க்கு 4 மில்லிஆம்பியர் வேண்டும், இரைச்சல் 1.1தான். மின்னோட்டம் இருபது மடங்கு ஏறியும் இரைச்சல் ஐந்து மடங்குக்குச் சற்று மேல்தான் இறங்கியிருக்கிறது. இரைச்சலைப் பாதியாக்க ஏறக்குறைய நான்கு மடங்கு மின்னோட்டம் கொடு என்கிறது இயற்கை. ரொம்பக் கறாரான வியாபாரி.

கறாரானவரிடம் பேரம் பேசுவதைவிட வாங்கும் தேவையைக் குறைப்பதே லாபம். சூ மோய் வடிவமைத்து, அவர் பெயராலேயே 'சிமோய்' என்று வழங்கும் ஆம்ப்ளிஃபையரைப் பாருங்கள். மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும் அந்தச் சுற்றை உலகம் முழுக்கப் பொழுதுபோக்காளர்கள் கட்டியிருக்கிறார்கள். வழக்கமான அமைப்பில் அதன் பெருக்கம் 11 மடங்கு. ஓபிஏ2134 சிப்பையும் 10 கிலோ ஓம் வால்யூம் கட்டுப்பாட்டையும் வைத்துக் கணக்கிட்டால், வெளியே வரும் இரைச்சல் சுமார் 17 மைக்ரோவோல்ட். நம் இயர்போனில் அது 33 டெசிபல். அமைதியான அறையில் நன்றாகவே கேட்கும். பெருக்கத்தை 2 ஆக்கினால் 3 மைக்ரோவோல்ட், 18 டெசிபல். அதே சிப், அதே பேட்டரி. இரண்டு ரெசிஸ்டர்களின் மதிப்பு மட்டும் வேறு. இந்த 15 டெசிபலை மின்னோட்டத்தால் வாங்கப் போனால் முப்பது மடங்கு, அதாவது 240 மில்லிஆம்பியர் வேண்டும். 500 மில்லிஆம்பியர்-மணி கொள்ளும் 9 வோல்ட் பேட்டரி இரண்டே மணி நேரத்தில் படுத்துவிடும். இன்னொரு வேடிக்கை: நம் இயர்போன் 80 டெசிபல் ஒலிக்க 4 மில்லிவோல்ட் போதும். பாட்டுக் கருவி தருவதோ அரை வோல்ட், ஒரு வோல்ட். அதை வால்யூம் குமிழால் நசுக்கிவிட்டுப் பிறகு 11 மடங்கு பெருக்குகிறோம். நசுங்காத இரைச்சலும் சேர்ந்து பெருகுகிறது. பெயரை வெளியிடாத ஒரு வடிவமைப்பாளர் 2011இல் தந்த 'ஆப்ஜெக்டிவ்2' இந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. பெருக்கம் முதலில், குமிழ் அதற்குப் பிறகு. சத்தத்தைக் குறைத்தால் பெருக்கத்தில் பிறந்த இரைச்சலும் கூடவே குறையும்.

பெருக்கம் குறைந்தால் 300 ஓம் ஹெட்போனுக்குச் சத்தம் போதாதே என்பார்கள். உண்மைதான். அதற்காகத்தான் பல கருவிகளில் பெருக்கத்தை மாற்றும் சுவிட்ச் இருக்கிறது. அதை எப்போதும் உச்சத்தில் வைத்திருப்பவர்கள் இயர்போனைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பேருந்தில் கேட்பவருக்கு இந்த இரைச்சலெல்லாம் எங்கே காதில் விழப்போகிறது என்பது அதைவிட வலுவான மறுப்பு. பேருந்தில் மட்டுமே கேட்பவருக்கு மலிவான சிப்பே போதும் என்று நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் காதை நன்றாக அடைக்கும் இயர்போன்கள் வெளிச்சத்தத்தைத் தடுத்துவிடுகின்றன. உள்ளிருந்து வரும் இரைச்சல்தான் அப்போது மிஞ்சுகிறது.

பெரிய பேட்டரி வைத்தால் தீராதா என்ற கேள்விக்கான பதில் கொஞ்சம் சிக்கலானது. லித்தியம் பேட்டரி ஒன்றின் 3.7 வோல்ட்டை ஏற்றிக் கொடுக்க ஸ்விட்சிங் மின்வழங்கி தேவைப்படும் இடங்கள் உண்டு. முழுச் சுமையில் அது நொடிக்குப் பல லட்சம் முறை துடிக்கிறது, காதுக்கு எட்டாது. சுமை குறைந்தால் மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சில துடிப்புகளை விட்டுவிட்டு, விட்டுவிட்டு இயங்கும். அந்த இடைவெளிகளின் அதிர்வெண் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் கீச்சென்று காதில் விழும். சிக்கனமே இரைச்சலைப் பெற்றெடுக்கும் இடம் இது. பாட்டு மெதுவாக ஒலிக்கும்போது, அதாவது இரைச்சல் மிகத் தெளிவாகக் கேட்கும் நேரத்தில்தான், சுமையும் குறைவாக இருக்கும். மாறாக, மெல்லிய ஒலிக்கு வெளியீட்டுக் கட்டத்தின் மின்னழுத்தத்தை மட்டும் தாழ்த்தும் 'கிளாஸ் ஜி' முறை, இரைச்சலை நிர்ணயிக்கும் முதல் கட்டத்தின் மின்னோட்டத்தைத் தொடுவதில்லை. சேமிக்க வேண்டிய இடத்தை அது சரியாகப் பிடித்திருக்கிறது.

வாங்குபவர் கையில் கிடைக்கும் தகவல்தான் இதில் மோசம். பெட்டியில் உச்ச மில்லிவாட் பெரிதாக அச்சாகியிருக்கும். மைக்ரோவோல்ட் இரைச்சல் அபூர்வமாகவே இருக்கும். சிக்னல் இரைச்சல் விகிதம் என்று ஓர் எண் இருந்தாலும் நம்பிவிட முடியாது. சிக்னல் நின்றதும் வெளியீட்டைத் தானே அணைத்துக்கொள்ளும் சிப்புகள் உண்டு; அணைந்த நிலையில் அளந்தால் எந்தக் கருவியும் மௌன விரதம்தான். அதனால்தான் டைனமிக் ரேஞ்ச் என்ற அளவீட்டில், உச்சத்துக்கு 60 டெசிபல் கீழே ஒரு மெல்லிய ஒலியை ஓடவிட்டு, சிப்பைத் தூங்கவிடாமல் வைத்து அளக்கிறார்கள்.