காபிக் கூஜாவுக்கு ஒரு நிரல்

கணிப்பொறிக்கு நிரல் எழுதிப் பிழைப்பவர்களிடையே காபிக்கு உள்ள மரியாதை ஊரறிந்தது. ஆயினும், ஒரு காபிக் கூஜாவின் பொருட்டு எழுதப்பட்ட சிறு நிரலொன்று, எழுதியவர்களே எதிர்பாராத விதத்தில் உலகப் பிரசித்தி பெற்ற வரலாறு, இத்தொழிலில் நேற்றுப் புகுந்த இளைஞர்கள் பலருக்குத் தெரிவதில்லை. அவசியம் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1991-ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தில், 'டிரோஜன் அறை' என்று அழைக்கப்பட்ட அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் காபி வடிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதில் வடித்த காபியைப் பொதுவில் வைத்துக் குடித்த ஆராய்ச்சியாளர்களில் சிலர் அந்த அறையிலும், மற்றவர்கள் வேறு மாடிகளிலும் உட்கார்ந்து வேலை பார்த்தபடியால், பக்கத்திலிருப்பவர்கள் பருகி முடித்த பிறகு படியேறியும் இறங்கியும் வந்து சேருகிறவர்களுக்கு வெறும் கூஜாவின் தரிசனமே பலமுறை வாய்த்தது. இந்தச் சிரமத்தைச் சகித்துக்கொண்டு போக மனமில்லாத குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இருவர், ரசாயனக் கூடங்களில் குடுவையைப் பிடித்து நிறுத்தும் இரும்புத் தாங்கியொன்றில் கேமராவைப் பொருத்திக் கூஜாவை நோக்கித் திருப்பி வைத்தார்கள். அதன் கம்பியைத் தரைக்கடியில் கொண்டுபோய் அறையிலிருந்த கணிப்பொறியுடன் இணைத்து, ஜார்டெட்ஸ்கி படத்தை அனுப்பும் நிரலையும், ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர் அதை வாங்கி அவரவர் திரையின் மூலையில் காட்டும் நிரலையும் எழுதினார்கள். நீளத்திலும் அகலத்திலும் 128 புள்ளிகளே கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். நிமிஷத்துக்கு மூன்று முறை போல மாறும். கூஜாவில் காபி இருக்கிறதா இல்லையா என்று அறிய அது தாராளமாகப் போதும். மொத்த வேலையும் ஏறக்குறைய ஒரு நாளில் முடிந்தது.

1993 நவம்பரில் அந்தப் படம் இணையத்தில் ஏறியது. உலகின் முதல் வெப்கேமரா என்று இன்று கொண்டாடப்படுவது இதுவே. ஆய்வுக்கூடம் புதுக் கட்டிடத்துக்கு மாறியபோது, 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமரா நிறுத்தப்பட்டது. கூஜாவை ஜெர்மானியச் செய்தித்தளமான 'ஸ்பீகல் ஆன்லைன்' 3,350 பவுன் கொடுத்து ஏலத்தில் எடுத்தது.

இதே ஜாதியைச் சேர்ந்த இன்னொரு சம்பவம் 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. பிழையைத் திருத்திவிட்டு, திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்து, சரியான நிரலில் இல்லாத பிழையைக் காலை முழுவதும் தேடிய நண்பரொருவர் கோபாவேசத்துடன் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் வந்தார். முந்தின மாலையில் ஃபெல்ட்மனும் அதே அவஸ்தையைப் பட்டிருந்தார். அந்த மறதிக்குப் பரிகாரமாக அந்த வார இறுதியில் அவர் தொடங்கியதுதான் 'மேக்' என்னும் உபகரணம். அதில் கட்டளை வரி ஒவ்வொன்றும் 'டேப்' எழுத்தில் தொடங்கியாக வேண்டும் என்ற விதி அசௌகரியமானது என்று அவருக்கே விரைவில் புரிந்தது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் உபயோகிக்கத் தொடங்கிவிட்டதால், அவர்களைச் சங்கடப்படுத்த மனமின்றி விட்டுவிட்டார். அந்தச் சிலருக்குக் காட்டிய தாட்சண்யத்தின் பலனாக, உலகெங்கும் நிரலாளர்கள் இன்றுவரை டேப் விசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உற்பத்தித் திறனை வளர்ப்பதாகச் சொல்லி விற்கப்படும் சாதனங்களுக்கு இப்போது குறைவில்லை. அவற்றில் பலவும், பயன்படுத்தப் போகிறவரின் சிரமத்தை அறியாத ஒருவரால் தேர்ந்தெடுக்கப்பட்டு மேலிருந்து இறங்குகின்றன. செய்த வேலையைப் பதிவு செய்வதே தனியொரு வேலையாகிவிடுகிறது. கூஜாவின் கேமராவும் 'மேக்'கும், சிரமப்பட்டவரே தமக்கென்று செய்துகொண்டவை. ஆகையால்தான் அவை குறிதவறாமல் பயன்பட்டன.

இளம் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது: தினந்தோறும் உங்களை எரிச்சலூட்டும் சிறு காரியம் ஒன்றைத் தேர்ந்து, அதற்கென்று ஒரு நாளை ஒதுக்கி, உங்களுக்கும் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் உதவுகிற நிரலொன்றை எழுதுங்கள். உங்கள் மேலதிகாரிகள் அந்த ஒரு நாளை வீண் என்று கணக்கெழுதாமல் இருக்க வேண்டும்.