மணலில் பாடுகிறவர்கள்

நம் வட்டாரத்து இசைக் கலைஞர்களை எங்கே தேடுவது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போங்கள் என்போம். செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கமிருந்து பழங்குடி இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, சேலையால் குடில் கட்டி மணலிலேயே தங்குகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன கன்னியம்மனைத் திரும்ப அழைக்கும் நாள் அது. இரவில் பாட்டும் ஆட்டமும். விடிகாலையில் மணலில் படி அமைத்துப் பூசை, கல்யாணமும் அங்கேயே.

இதே ஊரில் டிசம்பர், ஜனவரியில் சுற்றுலாத் துறையின் நாட்டிய விழா நடக்கிறது. அங்கே ஆடுகிறவர் பெயர் அச்சில் வரும். மணலில் பாடும் மூதாட்டியைப் போட்டோ எடுக்கிறார்கள். பெயர் கேட்பவர் அரிது.

பெயரோடு மேடையேறுவது நடக்காத காரியமல்ல. சாவு வீட்டில் ஒலித்த கானாவை, 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவினர் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார்கள். இசைவாணியை, அறிவை இன்று பெயர் சொல்லித்தானே அழைக்கிறோம்.

ஆகவே தோழர்களே, செல்போனைத் தூக்குமுன் உட்கார்ந்து கேளுங்கள். பதிவு செய்யலாமா என்று கேளுங்கள். பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பதை எழுதுங்கள். பதிவில் ஒரு படி அவருக்குக் கொடுங்கள். இது சாமி பாட்டு, வெளியே போகக் கூடாது என்று அவர் சொன்னால் அழித்துவிடுங்கள்.