இரண்டு ராத்தல் பீரங்கி

கோச்சடையிலிருந்து மதுரை மாநகருக்கு வரும் சாலையை நம்மில் அறியாதார் இலர். அச்சாலையில் இரும்புக் கவசம் பூண்ட டாங்கிகள் வரிசையாக வருமாயின் அவற்றைத் தடுப்பது எங்ஙனம்? இவ்வினா வீண் கற்பனையன்று. நம்மவர் பல்லாயிரவர் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்துவந்த மலாயா நாட்டுச் சாலைகளில், 1942ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், இவ்வாறே நிகழ்ந்தது.

டாங்கி முதன்முதற் போர்க்களம் புகுந்தது 1916ஆம் ஆண்டு செப்டம்பரில், பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றுப் போரிலாகும். அதனை எதிர்க்கும் சிறு பீரங்கிகளை, இரு பெரும் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தே பல நாட்டாரும் சமைத்தனர். ஆங்கிலேயர் 1936ஆம் ஆண்டளவில் மேற்கொண்டது இரண்டு ராத்தல் பீரங்கி. குண்டின் நிறையே அதற்குப் பெயராயிற்று. அதன் குழல்வாய் 40 மில்லிமீட்டர் அளவினது.

இத்துணைச் சிறு குண்டு இரும்பைத் துளைப்பது எவ்வாறெனின், வேகத்தால் என்க. எடை இருமடங்காயின் தாக்கும் ஆற்றலும் இருமடங்காகும். வேகம் இருமடங்காயினோ ஆற்றல் நான்மடங்காகும். ஆதலின் நீண்ட குழலினின்று, விநாடிக்குச் சுமார் 2,600 அடி வேகத்தில், கெட்டியான எஃகுக் குண்டைச் செலுத்தினர். ஊடுருவுவதே அதன் தொழில்.

இதன் வண்டியும் விந்தையானது. சக்கரங்களை அகற்றி, மூன்று கால்களை விரித்துத் தரையில் அமர்த்தினால், எத்திசைக்கும் சுழன்று சுடவல்லது. இவ்வசதிக்கு ஈடாகப் பாரம் மிகுந்தது. ஜெர்மானியரின் 37 மில்லிமீட்டர்ப் பீரங்கி 1,000 ராத்தலுக்கு உட்பட்டதாக, இதுவோ ஏறக்குறைய 1,800 ராத்தல் நிறையுடையது.

1940ஆம் ஆண்டில் டன்கர்க் துறையினின்று ஆங்கிலேயர் மீண்டபோது, இவற்றுள் 500க்கு மேற்பட்டவற்றைப் பிரான்சிலே இழந்தனர். இதனினும் வலிய ஆறு ராத்தல் பீரங்கியின் அமைப்பு அப்போதே ஆயத்தமாயிருந்தது. எனினும் ஆலைகளை மாற்றினால் உற்பத்தி குன்றுமென அஞ்சிப் பழையதையே தொடர்ந்து செய்தனர். அதனால் வட ஆப்பிரிக்கப் பாலையில் தடித்த கவசமுடைய ஜெர்மன் டாங்கிகளின் முன் இது தளர்ந்தது.

மலாயாவிலோ நிலைமை வேறு. ஜப்பானியரின் 95ஆம் வகைச் சிறு டாங்கியின் கவசம் அரை அங்குலமும் இல்லை. 1942 ஜனவரி 18இல், மூவாரை அடுத்த பக்ரிச் சாலையில், ஆஸ்திரேலியப் படையினர் இப்பீரங்கிகளைக் கொண்டு ஒன்பது டாங்கிகளை அழித்தனர். ஆனால் அதற்கு முன்னர், ஜனவரி 7இல், சிலிம் ஆற்றருகே சாலையைக் காக்கத் தக்க இடத்தில் போதிய பீரங்கிகள் நிற்கவில்லை. சுமார் 30 டாங்கிகள் 11ஆம் இந்தியப் படைப்பிரிவைச் சில மணி நேரத்தில் ஊடறுத்துச் சென்றன. நான்கு நாளில் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. பின்னர்த் தோட்டத் தமிழர் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருட் பல்லாயிரவர் ஆங்கே மாண்டனர்.

ஒரே கருவி பாலையில் பயன் குன்றியது, பக்ரியில் வென்றது, சிலிம் ஆற்றில் வேண்டிய இடத்தில் இல்லாதொழிந்தது. போர் நூல்கள் டாங்கிகளையும் பீரங்கிகளையும் எண்ணிச் சொல்லும். அவை கடந்துபோன சாலையோரத்தில் பால் வெட்டி வாழ்ந்த எளியோரையும் நாம் எண்ணுதல் தகும். அவர் நம் ஊர்ப்புறங்களினின்று கப்பலேறியவரன்றோ!