கரும்பலகைக்கு முன்னால் – 17: வினாவுக்கும் விடைக்கும் நடுவே

பல பண்பாட்டுப் பிள்ளைகள் கூடும் வகுப்பறையில் ஆசிரியரும் ஒரு பண்பாட்டின் பிள்ளையே என்பதும், அதை அவர் உணராத வரை தம் வழக்கத்தைப் பொது வழக்கம் என்றே நம்புவார் என்பதும் சென்ற வாரம் சொல்லப்பட்டன; தொடர்ந்து படிப்போருக்கு அதற்கு மேல் நினைவூட்டத் தேவையில்லை. இந்த வாரத்துக்கென அறிவிக்கப்பட்டிருந்தது, அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் ஆசிரியர்கள் மாணவர்களின் வீடு தேடிச் சென்ற ஆய்வு. அங்கே போகும் வழியில், ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்கும் மாணவர் வாய் திறப்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி கிடக்கிறது. அது பார்வைக்குத்தான் சிறியது.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர், தொடக்கப் பள்ளி வகுப்புகள் பலவற்றை ஒலிநாடாவில் பதிவு செய்து, பேச்சைவிடப் பேச்சில்லாத இடங்களையே கூர்ந்து அளந்து, 1974இல் வெளியிட்ட ஆய்வு இன்றளவும் எடுத்தாளப்படுகிறது. ஆசிரியர் கேள்வி கேட்டு முடித்ததற்கும் அடுத்த சொல் எழுவதற்கும் இடைப்பட்ட நேரத்தை அவர் ‘காத்திருப்பு நேரம்’ என்று குறித்தார். மாணவர் விடை சொல்லி நிறுத்திய பின் ஆசிரியர் பேசத் தொடங்கும் வரை கழியும் நேரம் அதன் இரண்டாம் வகை. இரண்டும் சராசரியாக ஒரு வினாடி அளவே இருந்தன. அதற்குள் விடை வராவிட்டால் ஆசிரியர் கேள்வியைத் திருப்பிக் கேட்டார், அல்லது தாமே விடை சொன்னார், அல்லது அடுத்த பிள்ளையிடம் போனார். அந்த ஒரு வினாடியை மூன்றாக நீட்டப் பழக்கியபோது விடைகள் நீண்டன, கேளாமலே பிள்ளைகள் சொன்ன பொருத்தமான கருத்துகள் பெருகின, விடையே கிடைக்காத கேள்விகள் குறைந்தன, மந்தம் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பேச முன்வந்தனர். பாடநூலையோ பாடத்திட்டத்தையோ தொடாமல், இரண்டே வினாடிச் செலவில் கிடைத்த பலன் இது.

இன்னொரு கணக்கு இதைவிட உறுத்துவது. வகுப்பில் முதல் ஐந்து பேர் என்று ஆசிரியரே மதிப்பிட்ட மாணவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு வினாடியும், கடைசி ஐந்து பேர் என்று அவரே மதிப்பிட்டவர்களுக்கு ஒரு வினாடிக்கும் குறைவான நேரமும் கிடைத்தன. யோசிக்க யாருக்கு அவகாசம் மிகுதியாக வேண்டுமோ அவரிடமிருந்தே அது பறிபோயிற்று. மணி பார்த்து எந்த ஆசிரியரும் இப்படிப் பங்கிட்டிருக்க முடியாது என்பதால்தான் நாடாவைத் திரும்பக் கேட்கும்போது வெட்கம் வருகிறது.

ரோவைப் பற்றி வழங்கும் ஒரு செய்தி இத்தொடரின் பொருளுக்குப் புறம்பானது என்றாலும், இடம் கிடைக்கும்போதே சொல்லிவிடத் தக்கது. அவர் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது, பிரின்ஸ்டனில் ஒரு நீரூற்றின் அருகே நின்றிருந்த முதியவர் ஒருவர், கண்ணுக்கு நேரே விரல்களை வேகமாக மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் தாரையாகத் தெரியும் நீர் தனித்தனித் துளிகளாகப் பிரிந்து தெரியும் என்று காட்டிக்கொடுத்தாராம். அவர் ஐன்ஸ்டைன் என்பது பிறகு தெரிய வந்ததாம். பிற்காலத்தில் வகுப்பறைப் பேச்சுத் தாரையைத் துளிதுளியாகப் பிரித்துப் பார்த்தவருக்கு இதைவிடப் பொருத்தமான இளமைக் கதையைக் கற்பனை செய்தும் எழுத முடியாது.

ரோ கண்டது ஆசிரியரின் அவசரம். அந்த அவசரத்துக்குத் தாய்மொழி உண்டா என்று கேட்டவர்கள் மொழியியலாளரும் மானிடவியலாளரும். அலாஸ்காவிலும் கனடாவின் வடபகுதியிலும் வாழும் அதபாஸ்கன் மொழிக் குடும்பத்து மக்களின் உரையாடலை ஆராய்ந்த ஸ்காலன் இணையர், ஒருவர் பேசி நிறுத்தியதும் ஆங்கிலம் பேசுவோர் ஏறக்குறைய ஒரு வினாடி பொறுத்துத் தாமே தொடர்ந்துவிடுகின்றனர் என்றும், அதபாஸ்கன் மக்கள் அதைவிட அரை வினாடி கூடுதலாகப் பொறுக்கின்றனர் என்றும் 1981இல் எழுதினர். அந்த அரை வினாடியில் நேர்வது இதுதான்: எதிரே இருப்பவருக்குச் சொல்ல ஏதுமில்லை போலும் என்று எண்ணி முன்னவர் மறுபடி பேசத் தொடங்க, தம் முறை வரும் என்று நின்ற பின்னவர் மறுபடி நிற்க, ‘இவர் வாயே திறக்கமாட்டார்’ என்று ஒருவரும் ‘இவர் வாயே மூடமாட்டார்’ என்று மற்றவரும் முடிவு கட்டிக்கொண்டு எழுந்து போகின்றனர்.

தென்மேற்கு அமெரிக்காவின் நவஹோ மக்களுடைய மொழியும் அதே குடும்பத்தது. நவஹோ மாணவர் படித்த ஒரே மூன்றாம் வகுப்புக்கு வெள்ளையர் ஒருவரும் நவஹோ ஆசிரியர் ஒருவரும் பாடம் நடத்தியதை ஒப்பிட்ட ஆய்வொன்று 1988இல் வெளிவந்தது. நவஹோ ஆசிரியர் கூடுதலாகக் காத்திருந்தார் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. கவனத்துக்குரியது வேறு: விடை முடிந்துவிட்டது என்று வெள்ளை ஆசிரியர் கொண்ட இடத்தில் பிள்ளை மூச்சு வாங்கித்தான் நின்றிருந்தது. ‘நல்லது’ என்று பாராட்டி அவர் அடுத்தவரிடம் போனது ஊக்கமாக இல்லாமல் குறுக்கீடாக முடிந்தது. மௌனம் சம்மதம் என்பது ஊர் வழக்கு. வகுப்பறையில் மட்டும் மௌனம் அறியாமைக்கு அறிகுறியாகிவிடுகிறது.

ஓரிகன் மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடிக் காப்புப் பகுதியில் 1968 முதல் சில ஆண்டுகள் களப்பணி செய்த சூசன் பிலிப்ஸ், இதே மௌனத்தின் வேறொரு முகத்தைக் கண்டார். எழுந்து நின்று எல்லார் முன்னும் தனியாக விடை சொல்லத் தயங்கிய அதே பிள்ளைகள், சிறு குழுவாகத் தம் போக்கில் வேலை செய்யவிட்டபோது தாராளமாகப் பேசினர். அவர்களுடைய வீடுகளில் பிள்ளைகள் பெரியவர் செய்வதை நெடுநேரம் பார்த்து, தனியே செய்து பழகி, கைவந்த பின்னரே பிறர் முன் செய்து காட்டினர். பள்ளியோ பழகும் கட்டத்தையே மேடையேற்றி, தவற்றை ஊரறியச் செய்தது.

மௌனத்துக்கு நேர் எதிரான வழக்கம் ஹவாயில் உண்டு. ‘டாக் ஸ்டோரி’ என்று அத்தீவுகளில் வழங்குவது, ஒருவர் தொடங்கிய கதையை மற்றவர்கள் இடைபுகுந்து, ஒருவர் குரல்மேல் ஒருவர் குரலாக, சேர்ந்து சொல்லி முடிக்கும் பேச்சு முறை. இங்கே காத்திருப்பு நேரம் சுழியத்துக்கும் கீழே போகிறது. முன்னவர் முடிப்பதற்குள் பின்னவர் தொடங்கிவிடுவதால் ஆய்வாளர்கள் அதற்கு எதிர்மறைக் காத்திருப்பு நேரம் என்றே பெயரிட்டனர். வெளியிலிருந்து வந்த ஆசிரியருக்கு அது ஒழுங்கீனம். பிள்ளைகளுக்கோ ‘உன் கதையில் எனக்கும் பங்குண்டு’ என்ற அன்பின் அடையாளம். ஹொனலுலுவில் 1970களில் கமேஹமேஹா பள்ளிகள் நடத்திய தொடக்கக் கல்வித் திட்டத்தில் பணியாற்றிய கேத்ரின் ஆவ், ஜானா மேசனுடன் சேர்ந்து 1981இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாணவர் குழுவுக்கு வாசிப்புப் பாடம் நடத்திய இரண்டு ஆசிரியர்களை ஒப்பிட்டார். ஹவாய்ப் பிள்ளைகளோடு பழகிய ஆசிரியர், எதைப் பற்றிப் பேசுவது என்பதைத் தம் கையில் வைத்துக்கொண்டு, யார் எப்போது பேசுவது என்பதைப் பிள்ளைகளிடம் விட்டார். பழக்கமில்லாதவர் ஒவ்வொருவராகப் பேசச் சொல்லி, பாட நேரத்தின் பெரும்பகுதியை ஒழுங்குபடுத்துவதிலேயே செலவிட்டார். பாடத்தில் கவனமும் சரியான விடைகளும் எவரிடம் மிகுந்தன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்திட்டத்தினர் 1983இல் தம் முறையை அரிசோனாவின் ரஃப் ராக் பள்ளிக்குக் கொண்டு சென்றனர். 1966இல் தொடங்கிய அப்பள்ளி நவஹோ சமூகமே நிர்வகிப்பது. ஹவாயில் நான்கைந்து ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்கள் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் உதவச் செய்தன. இங்கே அப்படி அமர்த்திய குழுக்களில் அவரவர் வேலையை அவரவர் செய்தனர், இரண்டு மூன்று சிறுவர் தனியாகவும் சிறுமியர் தனியாகவும் அமர்ந்தபோதே கலந்து பேசினர். கதையைச் சிறு சிறு பகுதியாக நிறுத்திக் கேள்வி கேட்கும் முறையும் எடுபடவில்லை. முழுக் கதையையும் கேட்ட பிறகே அதைப் பற்றிப் பேச அப்பிள்ளைகள் விரும்பினர். ஒரு பண்பாட்டுக்கென்று தைத்த சட்டை இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பதை அதைத் தைத்தவர்களே எழுதிவைத்தனர்; கல்வி ஆய்வில் இந்த நேர்மை அரிது.

ஆயினும் இந்த ஆய்வுகளுக்கு ஒரு பின்விளைவு உண்டு. ‘நவஹோப் பிள்ளைகள் பேசமாட்டார்கள்’ என்பது பரிவோடு சொல்லப்படும் முத்திரையாகி, அவர்களிடம் ஆராய்ச்சிக் கேள்விகளே கேட்காமல் விட்டுவிடுவதற்குச் சாக்காயிற்று. தெரேசா மெக்கார்ட்டியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1991இல் எழுதிய கட்டுரை அதே ரஃப் ராக் பள்ளியிலிருந்தே மறுப்புக் கொண்டு வந்தது: தங்கள் ஊரையும் வாழ்க்கையையும் பற்றிய பாடத்தை நவஹோ, ஆங்கிலம் இரண்டிலும் நடத்தி, உண்மையாகவே விடை தேடும் கேள்விகளைக் கேட்டபோது பிள்ளைகள் ஆர்வத்தோடு பேசினர். வினாடியை நீட்டுவது ஆசிரியரின் வேலையில் ஒரு பாதி. அந்த வினாடிக்கு முன்னால் கேட்கப்பட்ட கேள்வி பிள்ளைக்குத் தெரிந்த உலகிலிருந்து வந்ததா என்பது மறுபாதி.

அந்த உலகைத் தெரிந்துகொள்ளத்தான் டூசான் ஆசிரியர்கள் மாணவர் வீட்டுப் படியேறினர். வீட்டாரிடம் அவர்கள் என்ன கேட்டார்கள், சுரங்கத்தையும் பண்ணையையும் பற்றிய வீட்டறிவு எப்படிப் பாடமாயிற்று என்பவை அடுத்த வாரத்துக்கு.