படி இறங்கிய டிரெய்லர்

காலடிப்பேட்டையிலிருந்து கிழக்கே கடல் பக்கம் நடந்தால் எண்ணூர் விரைவுச் சாலை வந்துவிடும். ஒரு மாலை நேரம் அங்கே சாலையோரமாக ஒரு டிரெய்லர் நின்றிருந்தது. மேலே ஒரு பொக்லைன். கிளீனர் பையன் அதன் கேபின் மேல் ஏறி டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தான். டிரைவர் தரையில் குந்தி மறுமுனையைப் படித்தார்.

“எவ்ளோண்ணே?”

“மூணு தொண்ணூத்தஞ்சு. போலாம், இறங்கு.”

அந்த 3.95 மீட்டரில் பொக்லைனின் பங்கு 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மிச்சம் டிரெய்லரின் தளம். அதே இயந்திரத்தைச் சாதாரணத் தட்டை டிரெய்லரில் ஏற்றியிருந்தால் 4.4 மீட்டரைத் தாண்டியிருக்கும் என்றார் டிரைவர். “ஒயர்ல மாட்டும் சார். ஒயர் தப்பினா சப்வேல மாட்டும்.” சாதாரண சரக்கு வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் உயரம் ஏறத்தாழ 4 மீட்டர்தான். அரை மீட்டருக்கும் குறைவான ஒரு வித்தியாசம்தான் அந்தப் பயணம் நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானித்தது. அந்த அரை மீட்டரை மிச்சப்படுத்தக் கண்டுபிடித்ததுதான் படி வைத்த டிரெய்லர். அமெரிக்காவில் ஸ்டெப் டெக் என்பார்கள். நம் பக்கத்தில் ‘செமி லோ பெட்’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

இந்த வண்டிகளை நம்மைப்போல் தினமும் பார்க்கிற ஊர்க்காரர்கள் தமிழ்நாட்டில் குறைவு. 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை இது. காலெட் பேட்டைதான் காலடிப்பேட்டை ஆனது. தறிச் சத்தம் கேட்ட ஊரின் தெற்கே 1881இல் துறைமுகம் வந்தது. 1983இல் அங்கே கன்டெய்னர் முனையம் திறந்தார்கள். வடக்கே 2001இல் எண்ணூர்த் துறைமுகம், இப்போதைய காமராஜர் துறைமுகம். அதற்கும் அப்பால் காட்டுப்பள்ளி. மேற்கே மணலியின் சுத்திகரிப்பு ஆலை. எல்லாவற்றுக்கும் நடுவில் நாம். ‘டாரஸ்’ என்று தமிழ்நாடு முழுக்கப் பெரிய லாரிக்கே பெயராகிப்போன வண்டியைச் செய்த அசோக் லேலண்டின் எண்ணூர் ஆலையும் பக்கத்தில்தான். டிரெய்லர் நமக்கு எரிச்சல் மூட்டும் நெரிசல் மட்டும்தானா? அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை வேறு யாரையும்விட இந்த ஊருக்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

டிரெய்லர் முழு வண்டி அல்ல, பாதி வண்டி. அதற்கு முன்சக்கரம் கிடையாது. பின்னால் இரண்டோ மூன்றோ அச்சுகள். முன்பாகம் இழுக்கும் வண்டியின் முதுகில் சாய்ந்திருக்கும். சாயும் இடத்தில் டிரெய்லரின் அடியிலிருந்து கீழ்நோக்கி ஒரு தடித்த இரும்பு முளை நீட்டிக்கொண்டிருக்கும். அது கிங் பின். இழுக்கும் வண்டியின் முதுகில் கிரீஸ் பூசிய குதிரைலாட வடிவத் தட்டு ஒன்று உண்டு. கிங் பின் அதன் பிளவுக்குள் நுழைந்து பூட்டிக்கொள்ளும். 1914இல் டெட்ராய்ட் நகரில் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், மர வியாபாரி ஒருவர் தன் படகை ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டதற்காக, ஃபோர்டு காரின் பின்னால் மாட்ட இப்படி ஒரு பாதி வண்டி செய்து கொடுத்தார். டிரெய்லர் தொழிலின் தொடக்கக் கதையாக இதைத்தான் சொல்வார்கள். படகுகள் நிறைந்த காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி.

கிங் பின் உட்காரும் தட்டு தரையிலிருந்து சுமார் 1.2, 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கும். இழுக்கும் வண்டியின் சக்கரங்கள் அதற்குக் கீழே சுழல வேண்டும், ஆகவே அங்கே தளத்தைத் தாழ்த்த வழியில்லை. தட்டை டிரெய்லரில் அந்த உயரம் அப்படியே கடைசிவரை போகும். தளம் சுமார் 1.5 மீட்டருக்கு வந்துவிடும். ஆனால் இழுக்கும் வண்டி முடிகிற இடத்துக்குப் பின்னால் அந்த உயரத்துக்கு என்ன அவசியம்? ஒன்றுமில்லை. அங்கே தளத்தை ஒரு படி இறக்கிவிடலாம். அமெரிக்கக் கணக்கில் தட்டை டிரெய்லரின் தளம் 5 அடி, ஸ்டெப் டெக்கின் கீழ்த்தளம் 3.5 அடி. மிச்சம் ஒன்றரை அடி. அங்கே பல மாநிலங்களில் உயர வரம்பு 13.5 அடி என்பதால், தட்டையில் 8.5 அடி உயரச் சரக்கு ஏற்றுகிறவர் படி டிரெய்லரில் 10 அடிச் சரக்கு ஏற்றலாம்.

இன்னும் கீழே போக வேண்டுமா, அதற்கு லோ பெட் இருக்கிறது. அதில் தளம் ஒரு மீட்டருக்கும் கீழே போகும். கன்டெய்னர் மட்டும் ஏற்றுகிறவருக்கு இந்த வம்பே வேண்டாம். தளமே இல்லாத வெறும் எலும்புக்கூட்டு டிரெய்லர் போதும். பெட்டியின் நாலு மூலையும் உட்காரும் இடங்களில் ட்விஸ்ட் லாக் என்ற திருகுப் பூட்டு இருந்தால் 20 அடிப் பெட்டியோ 40 அடிப் பெட்டியோ உட்கார்ந்துவிடும்.

தளம் தாழ்வதில் இன்னொரு லாபம், ஏற்றுவது. பொக்லைன் தானாகவே ராம்ப் மேல் ஊர்ந்து ஏற வேண்டும். ராம்பின் நீளம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தளம் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் சாய்வு 30 டிகிரி. ஒரு மீட்டர் என்றால் 20 டிகிரிக்கும் குறைவு. 30 டிகிரியில் 20 டன் இயந்திரம் ஏறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மூக்கு வானத்தைப் பார்க்கும், ராம்ப் முனையைக் கடக்கும் நொடியில் மொத்த எடையும் ‘டம்’ என்று முன்னால் சாயும். மழை ஈரத்தில் அதைச் செய்யச் சொல்வது ஒரு ஆபரேட்டரின் உயிரோடு விளையாடுவது.

இத்தனை நன்மை இருக்க, எல்லோரும் ஏன் படி டிரெய்லரே வாங்குவதில்லை? முதல் காரணம் நீளம். மேல்தளமும் கீழ்த்தளமும் சேர்ந்தால்தான் மொத்த நீளம். நீண்ட கம்பிக் கட்டையோ குழாயையோ படியின் மேல் மட்டமாகக் கிடத்த முடியாது. இரும்புக் கம்பி, பிளேட் ஏற்றுகிறவருக்குத் தட்டை டிரெய்லர்தான் சரி. படி அவருக்கு இடைஞ்சல்.

இரண்டாவது காரணம் எடைப் பங்கீடு. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை, வாங்குகிறவர்கள் கேட்பதில்லை. டிரெய்லரை இருவர் தோளில் சுமக்கும் பல்லக்குத் தண்டு போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை கிங் பின்னில், மறுமுனை பின் அச்சுகளின் நடுவில், இடையில் 9 மீட்டர். 20 டன் இயந்திரத்தின் எடை மையம் அச்சுகளிலிருந்து 3 மீட்டர் முன்னால் இருந்தால், கிங் பின் தாங்குவது 20இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 6.7 டன். மீதி 13.3 டன் பின் அச்சுகளுக்கு. தட்டை டிரெய்லரில் இயந்திரத்தை முன்னே நகர்த்தி இந்தக் கணக்கைச் சரிசெய்யலாம். படி டிரெய்லரில் படிதான் எல்லை, அதற்கு முன்னால் போக முடியாது. இயந்திரம் பின்னுக்கே நின்று மையம் ஒன்றரை மீட்டரில் வந்தால், பின் அச்சுகள் மேல் 16.7 டன். டிரெய்லரின் சொந்த எடை வேறு. இரட்டை அச்சுக்கு 2018இல் மத்திய அரசு 19 டன்னிலிருந்து உயர்த்தித் தந்த வரம்பு 21 டன். முழு டிரெய்லர் லாரியின் உச்ச வரம்பு 49இலிருந்து 55 டன் ஆனதும் அப்போதுதான். மொத்த எடை 55க்குள் இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டு போகிற வண்டி, பின் அச்சில் மட்டும் அளவு மீறி மாட்டிக்கொள்வது இப்படித்தான். முன்னால் எடை குறைந்ததால் இழுக்கும் சக்கரங்களின் பிடிப்பும் குறையும். ஆகவே படி எங்கே விழுகிறது, கீழ்த்தளம் எத்தனை மீட்டர் என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

டயரிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. வழக்கமான 10.00-20 டயரின் விட்டம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். 235/75 ஆர் 17.5 என்ற சிறிய டயர் 80 சென்டிமீட்டர்தான். அதைப் போட்டால் தளம் இன்னும் தாழும். ஆனால் சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு அதிகத் தடவை சுற்ற வேண்டும், ஒவ்வொன்றும் சுமக்கிற எடையும் குறைவு. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் அது சூடாகும். பஞ்சரானால் நடுவழியில் அந்த அளவு டயர் கிடைக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். துறைமுகத்துக்கும் மணலிக்கும் இடையே ஓடுகிறவருக்குச் சிறிய டயர் சரிப்படலாம். கோயம்புத்தூர், பெங்களூர் என்று போகிறவருக்குப் பெரிய டயர்தான் நல்லது என்பது என் எண்ணம்.

தாழ்ந்த வயிறு மேடுகளில் தட்டும். ரயில்வே கேட்டின் திமில், அளவில்லாமல் போட்ட வேகத்தடை, மேம்பாலம் ஏறும் முனை: முன்சக்கரங்கள் ஒரு பக்கம் இறங்கியிருக்க, பின்சக்கரங்கள் மறுபக்கம் இருக்க, நடுவயிறு மேட்டில் உட்கார்ந்துவிடும். டிரெய்லர் நீளமாக ஆக இது மோசமாகும். முழு லோ பெட்டுக்கும் படி டிரெய்லருக்கும் இடையே தேர்வு என்றால், நம்மூர் ரோடுகளுக்கு நான் படி டிரெய்லர் பக்கம்தான்.

பழைய டிரெய்லர் வாங்குகிறவர்கள் அதிகம் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். படி இறங்கும் அந்த வளைவில் குனிந்து பாருங்கள். நீளவாக்கில் ஓடும் இரண்டு ஐ-பீம்களும் அங்கேதான் திசை மாறுகின்றன. ஒவ்வொரு பள்ளத்திலும் இரும்பின் முறுக்கம் அந்த முக்கில் வந்து குவியும். வெடிப்பு விட்டால் முதலில் அங்கேதான் விடும். என் உறவினர் ஒருவர் வாங்கிய பழைய டிரெய்லரில் அந்த இடம் புதுப் பெயின்டில் பளபளத்தது. சுரண்டிப் பார்த்தபோது வெல்டிங்குக்கு மேல் வெல்டிங், அதன் மேல் ஒரு ஒட்டுப் பிளேட். மற்ற எல்லா இடத்திலும் துரு இருந்து, அங்கே மட்டும் பெயின்ட் புதுசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கிங் பின்னையும் பாருங்கள். 50 மில்லிமீட்டர், 90 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு உண்டு. உங்கள் முன்வண்டியின் தட்டு எந்த அளவுக்கு என்று தெரியாமல் டிரெய்லரை மட்டும் வாங்கினால் இரண்டும் பூட்டாது.

கொக்கிகளையும் எண்ணுங்கள். அமெரிக்க விதிப்படி, கட்டுகள் முன்னோக்கிச் சரக்கின் எடையில் 0.8 பங்கு விசையைத் தாங்க வேண்டும். 20 டன் இயந்திரத்துக்கு 16 டன். திடீர் பிரேக்கில் அத்தனை விசை டிரைவரின் முதுகை நோக்கி வருகிறது என்று பொருள். செயின் மாட்டப் போதுமான வளையங்கள் சட்டத்தோடு சேர்த்து வெல்டு செய்யப்படாத டிரெய்லரை, எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

டிரெய்லர் பார்க்கப் பட்டறைக்குப் போகும்போது, அதை ஓட்டப்போகிற டிரைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வழக்கமாக ஏற்றும் சரக்கின் உயரத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, டேப்பையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.