புயலும் மக்கள் நலவாழ்வும்: வங்காளதேசக் கடலோரம் தரும் படிப்பினை

புயல் ஒன்று வீசி ஓய்ந்தபின் நம் திருச்சபைகளில் நடைபெறுவதை நாம் அறிவோம். சிறப்புக் காணிக்கை எடுக்கப்படுகிறது. பழைய துணிகள் சேர்க்கப்படுகின்றன. மருந்துப் பெட்டிகளுடன் ஒரு குழு புறப்படுகிறது. இவற்றிற்குப் பின்னுள்ள அன்பை எவரும் குறைகூற இயலாது. ஆயினும், புயல் மக்களை எவ்வாறு தாக்குகிறது என்பதை அறியாமல் செய்யப்படும் உதவி, வேண்டிய இடத்தைச் சென்றடையாது. இதனை விளக்க, புயல்களால் பெரிதும் துன்புற்றதும் ஆய்வாளரால் நுணுகி ஆராயப்பட்டதுமாகிய வங்காளதேசக் கடலோரத்தை எடுத்துக்கொள்வோம்.

1. மாண்டவர் யாவர்?

1970 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் இரவு, அந்நாளில் கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த அந்நாட்டைப் போலா புயல் தாக்கிற்று. புயலால் எழுந்த கடற்பெருக்கு மேக்னா ஆற்று முகத்துவாரத் தீவுகளை மூடிற்று. மாண்டவர் தொகை மூன்று முதல் ஐந்து இலட்சம் வரை என மதிப்பிடப்படுகிறது.

டாக்காவில் இருந்த காலரா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாமர், மோஸ்லி என்னும் மருத்துவர்கள் எஞ்சிய குடும்பங்களிடையே கணக்கெடுப்பு நடத்தினர். மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரான பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், மாண்டவரில் பாதிக்கு மேற்பட்டிருந்தனர். முதியோரும் பெண்களும் மிகுதியாக மாண்டனர். நடுவயது ஆண்களே மிகுதியாகப் பிழைத்தனர். பிழைத்தவர் பலருக்கு மார்பிலும் கைகளிலும் தொடைகளிலும் தோல் உரிந்திருந்தது. மரங்களைக் கட்டிப்பிடித்து வெள்ளத்தை எதிர்த்து நின்றதால் ஏற்பட்ட புண்கள் அவை. பற்றிக்கொள்ள வலுவுள்ளவர் பிழைத்தனர். வலுவற்றவரை நீர் கொண்டுபோயிற்று.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. கடற்பெருக்கு காயப்படுத்துவதைக் காட்டிலும் கொன்றுவிடுவதே மிகுதி. ஆகவே அங்கு அறுவை மருத்துவரைவிட உணவும், வீடும், உழவுமாடும், மீன்பிடி படகுமே அவசரத் தேவைகளாயிருந்தன.

2. இறந்தோர் உடல்களைப் பற்றிய அச்சம்

பிணங்களால் கொள்ளைநோய் பரவும் என்னும் அச்சம் எங்கும் எழுகிறது. புயலில் மாண்டவர் நீரில் மூழ்கியோ அடிபட்டோ இறந்தவர், தொற்றுநோயால் இறந்தவரல்லர். குடிநீர் நிலைகளில் கிடக்கும் உடல்களை அகற்றுவதும், அவற்றைக் கையாள்வோர் தூய்மை பேணுவதும் இன்றியமையாதன. ஆனால் அவசர அவசரமாகப் பெருங்குழியில் புதைப்பதற்கு மருத்துவக் காரணம் இல்லை என உலக சுகாதார நிறுவனம் தெளிவுறுத்தியுள்ளது. அவ்வாறு புதைப்பதால் உறவினர் துக்கங்கொண்டாடும் உரிமையை இழக்கின்றனர்; கைம்பெண் இறப்புச் சான்று பெற இயலாது அல்லலுறுகிறாள். எனவே ஆயர் செய்யத்தக்கது யாதெனில், ஒவ்வோர் உடலுக்கும் எண்ணிட்டு, படம் எடுத்து, அடையாளங்களையும் அடக்கஞ்செய்த இடத்தையும் எழுதி வைக்கத் துணைநிற்பதே.

3. பிழைத்தவரின் துன்பம்

புயலுக்குப்பின் முதற்கேடு குடிநீரால் வருவது. குளங்களில் உப்புநீர் புகுகிறது. கழிப்பிடங்கள் பெருகி வழிகின்றன. ஆளொன்றுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர் வேண்டும் என்பது பன்னாட்டுத் துயர்துடைப்பு அளவுகோல். வயிற்றுப்போக்குக் கண்டோர்க்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரே உயிர்காக்கும். 1971 ஆம் ஆண்டு போன்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனோபிஸ் இதனைக் கொடுத்து, நூற்றுக்கு முப்பதளவில் இருந்த காலராச் சாவை நான்குக்கும் கீழாகக் குறைத்தார்.

உப்பின் தீங்கு நெடுநாள் நீடிப்பது. குல்னா மாவட்டத்து டாகோப் பகுதியில் கர்ப்பிணிப் பெண்களிடையே நடந்த ஆய்வுகள், குடிநீரில் உப்பு மிகமிக இரத்த அழுத்த நோயும் மிகுவதைக் காட்டின. இத்துன்பம் செய்தித்தாளில் இடம்பெறுவதில்லை. துயர்துடைப்புக் குழுவினர் திரும்பிச் சென்றபின்னரே இது வெளிப்படும். காசநோய், நீரிழிவு முதலியவற்றிற்கு நாடோறும் மருந்து உண்போரின் நிலையும் இத்தகையதே. அவர்களுக்கு வேண்டுவது அவரவர்க்குரிய மருந்தேயன்றி, பெயர் விளங்காத, காலங்கடந்த மாத்திரைக் குவியலன்று.

4. உயிர்காத்தது எது?

1991 ஆம் ஆண்டு ஏப்ரல் 29 ஆம் நாள் அதே நாட்டில் வேறொரு புயல் ஏறத்தாழ 1,38,000 பேரைக் கொன்றது. அதன்பின் நடந்த ஓர் ஆய்வு கருதத்தக்கது. ஆய்வுக்குட்பட்டோரில், உறுதியான கட்டடத்தை அடைந்தோர் அனைவரும் பிழைத்தனர். அடையாதவரில் நூற்றுக்கு ஏறத்தாழ 22 பேர் மாண்டனர். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 31 விழுக்காட்டினர் மாண்டனர். பிள்ளைகளை விட்டுப் பிரிய இயலாமை, கணவன் சொல்லுக்குக் காத்திருத்தல், ஆண்கள் நிறைந்த கூடத்தில் தங்கக் கூச்சம் முதலியன பெண்களைத் தடுத்து நிறுத்துவன.

இதையுணர்ந்து காப்பகங்கள் பெருக்கப்பட்டன; பெண்களுக்குத் தனியிடமும் கால்நடைகளுக்கு மேட்டுநிலமும் அமைக்கப்பட்டன. 1970 ஆம் ஆண்டுப் பேரழிவை அடுத்துத் தோன்றிய புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தின் தொண்டர்கள், ஒலிபெருக்கியும் கொடியும் ஏந்தி ஊர்தோறும் எச்சரிக்கின்றனர். அவர்களில் பெண்களும் பெருமளவில் சேர்க்கப்பட்டனர். 2007 ஆம் ஆண்டுச் சிதர் புயலில் மாண்டவர் ஏறத்தாழ 3,400 பேர். 2020 ஆம் ஆண்டு ஆம்பன் புயலின்போது அந்நாட்டில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டனர். அங்கு மாண்டவர் முப்பது பேருக்கும் குறைவு. சிதரின் காற்று போலா புயலின் காற்றுக்கு இளைத்ததன்று. முன்னேற்பாடே வேறுபாட்டை உண்டாக்கிற்று.

5. நம் கடமை

கடலோரச் சபைகளின் பணி புயலுக்குப்பின் தொடங்குவதன்று. ஊரில் கர்ப்பிணிகள், நடக்க இயலாதோர், தனித்து வாழும் முதியோர், நாள்தோறும் மருந்துண்போர் யாவரென ஆயரிடம் பட்டியல் இருத்தல் வேண்டும். அவர்களை யார் அழைத்துச் செல்வது என்பதும் முன்னரே முடிவாகியிருத்தல் வேண்டும். ஆலயமோ பள்ளியோ உறுதியான கட்டடமாயின், அதன் திறவுகோல் யாரிடம் உள்ளது, பெண்களுக்குத் தனியிடமும் கழிப்பிடமும் உண்டா என்பவற்றை மழைக்காலத்துக்கு முன்னரே ஆராய்வோமாக. தொலைவிலிருந்து உதவும் சபைகள், பொருள்களை அனுப்புமுன் அங்குள்ளவரைக் கேட்டறிவதே முறை. மரத்தைப் பற்றிக்கொள்ள வலுவற்றவரை மரம் தேவைப்படாத இடத்துக்கு நேரத்தோடு கொண்டுசேர்ப்பதே துயர்துடைப்பில் முதன்மையானது.