நாட்டின் தூதர் அல்ல, ஒரு வீட்டின் பெண்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் சர்வதேசக் கல்வி வாரம் நடக்கிறது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டின் வெளியுறவுத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து தொடங்கியது இது. இந்தோனேசியாவிலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ கானாவிலிருந்தோ வந்து அங்கே ஓராண்டு படிக்கும் மாணவி, அந்த வாரத்தில் தன் ஊர் உடையில் வகுப்பின் முன் நிற்பாள். வரைபடத்தில் தன் நாட்டைக் காட்டுவாள். ஊர்ப் பலகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பாள். கேள்விகளுக்குப் பதில் சொல்வாள். பண்பாட்டுப் பகிர்வு என்றதும் நம் நினைவுக்கு வருவது இந்த மேடைதான். ஆனால், பகிர்வின் பெரும்பகுதி மேடையை விட்டு இறங்கிய பிறகே நடக்கிறது. நாட்டின் பிரதிநிதியாக அல்லாமல் ஒரு வீட்டின் பெண்ணாக அவள் வாழ்ந்து காட்டுவதே அதிக வலுவுள்ளது.

மாணவர் பரிமாற்றத் திட்டங்கள் பிறந்த வரலாறே இதைச் சொல்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போய்க் காயம்பட்ட வீரர்களைச் சுமந்த அமெரிக்கத் தொண்டர்களின் ஆம்புலன்ஸ் அமைப்புதான் ஏஎஃப்எஸ். இரண்டாம் போரிலும் அதே பணியைச் செய்தது. போர் முடிந்ததும் அதன் தலைவர் ஸ்டீபன் கலாட்டியும் தோழர்களும் அமைப்பைப் பள்ளி மாணவர் பரிமாற்றத்தின் பக்கம் திருப்பினார்கள். சோவியத் ஒன்றியம் சிதறியதும் அதிலிருந்து பிரிந்த நாடுகளின் மாணவர்களுக்காக ஃப்ளெக்ஸ் திட்டம் வந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளுக்காக 2002இல் 'யெஸ்' திட்டத்தை அமெரிக்க காங்கிரஸ் உருவாக்கியது. ஒவ்வொரு பெரும் பிளவுக்குப் பிறகும், அரசுகளின் ஒப்பந்தம் மட்டும் போதாது, இளம் வயதினர் ஒருவர் வீட்டில் ஒருவர் வாழ வேண்டும் என்ற முடிவுக்கே வந்திருக்கிறார்கள்.

சேர்ந்து வாழ்வது ஏன் மனத்தை மாற்றுகிறது? உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை தந்தார். வெறுமனே பார்த்துக்கொள்வதால் தப்பெண்ணம் போய்விடாது. இருவரும் சம நிலையில் நின்று, பொது நோக்கத்துக்காக ஒத்துழைத்து, அதற்கு நிறுவனங்களின் ஆதரவும் இருந்தால்தான் நன்றாகக் குறையும் என்றார். பெட்டிக்ரூ, டிராப் என்ற இருவர் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட ஆய்வு, அவர் சொன்ன எல்லா நிபந்தனைகளும் இல்லாதபோதும் ஒருவரோடொருவர் பழகுவது தப்பெண்ணத்தைக் குறைக்கிறது என்றும், அவை இருந்தால் பலன் கூடுகிறது என்றும் காட்டியது. பரிமாற்ற மாணவியின் ஓராண்டில் அந்த நிபந்தனைகள் இயல்பாகவே அமைகின்றன. 'யெஸ்' போன்ற திட்டங்களில் அவளை ஏற்கும் குடும்பம் அதற்குப் பணம் பெறுவதில்லை. அவள் அங்கே வாடகைக்கு இருப்பவளும் அல்ல. பாத்திரம் கழுவுகிறாள், பள்ளி அணியில் ஆடுகிறாள், தேர்வுக்குப் பயப்படுகிறாள். ரமலானில் விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு அவள் எழுந்திருப்பதையும், பகல் முழுக்கப் பசியோடு வகுப்பில் இருந்துவிட்டு மாலையில் நோன்பு திறப்பதையும் அந்த வீடு ஒரு மாதம் பார்க்கிறது. நோன்பைப் பற்றிய எந்த உரையும் இதற்கு ஈடாகாது.

எதிர்வாதங்கள் எளிதில் ஒதுக்கக்கூடியவை அல்ல. அமெரிக்க அரசு பணம் போடுவதால் இது நட்பு வேடமிட்ட அரசியல் என்பது முதலாவது. அரசுக்கு நோக்கம் உண்டு என்பது உண்மை; 2014இல் ரஷ்யா ஃப்ளெக்ஸிலிருந்து விலகியதே, அரசுகள் இதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கின்றன என்பதைக் காட்டுகிறது. ஆனால் சாப்பாட்டு மேசையில் நடக்கும் பேச்சை எந்த அமைச்சகமும் எழுதிக் கொடுக்க முடியாது. வசதியுள்ளவர் வீட்டுப் பிள்ளைகளுக்கே இந்த வாய்ப்பு என்பது அடுத்தது. கட்டணம் வாங்கும் திட்டங்களுக்கு இது பொருந்தும். ஆனால் யெஸ், ஃப்ளெக்ஸ் இரண்டும் முழு உதவித்தொகையில் நடக்கின்றன. ஒரே திசையில் நடக்கிறது என்ற குறையைக் களைய, 2009இல் அமெரிக்க மாணவர்களையும் யெஸ் திட்டத்தின் நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஆனாலும் போகிறவர்கள் வருகிறவர்களைவிடக் குறைவு. அந்தக் குறை இன்னும் தீரவில்லை.

கடைசி எதிர்வாதமே ஆழமானது: கோடிக்கணக்கான மக்களைப் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி எப்படிப் பிரதிநிதித்துவப்படுத்துவாள்? முடியாது, அவளிடம் அதைக் கேட்கவும் கூடாது. தன் நாட்டின் போருக்கும் சட்டத்துக்கும் அவளைப் பதில் சொல்லவைப்பது அநியாயம். அப்படிக் கேட்டால் மனப்பாடம் செய்த பதிலே கிடைக்கும். தாத்தா பாட்டி, தெரு, அம்மாவோடு போட்ட சண்டை, தான் நம்புவது, தனக்கே சந்தேகமாக இருப்பது ஆகியவற்றைச் சொல்ல விட்டால், அந்த நாட்டில் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை என்பது கேட்பவருக்குத் தானாகவே விளங்கும். தப்பெண்ணம் உடைவது அந்த இடத்தில்தான். ஆகவே ஏற்கும் பள்ளிகள் ஒரு நாள் மேடையோடு கடமை முடிந்ததாக நினைக்கக் கூடாது. அணியிலும் ஆய்வகத்திலும் ஊர்த் தொண்டிலும் அவளுக்கு ஆண்டு முழுவதும் இடம் வேண்டும். அனுப்பும் நாடுகளும் அவளுக்குப் புகழுரையைக் கற்றுத்தந்து அனுப்ப வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் உரிமையோடு அவளை அனுப்பட்டும். அப்படிப் பேசுகிறவளின் சொல்லைத்தான் ஊர் நம்பும்.